இது யார் வீட்டுப் பிள்ளை?

— காது குத்தாதீங்க டாக்டரம்மா. ஒரு பச்சப்பிள்ளைக்கு எங்கயாச்சும் ரெண்டு வயிறு இருக்குமா? இது எங்க பிள்ளை எக்ஸ்ரே படமே இல்ல.

— ரெண்டு வயிறு இல்லைங்க பெரியவரே. இந்தப் பெரிய பலூன் இரைப்பை. பக்கத்துல உப்பியிருக்கே, அது சிறுகுடல் தொடங்குற இடம். அதுக்குக் கீழ பாருங்க. குடிக்கக் கொடுத்த வெள்ளை மருந்து நூல் மாதிரி இறங்குதா?

— ஏதோ கோடு கிழிச்ச மாதிரி தெரியுது.

— அங்கதான் குடல் குறுகியிருக்கு. கருவுலயே அப்படி ஆயிருச்சு. பால் அதைத் தாண்ட முடியாம, பித்தத்தோட சேர்ந்து பச்சையா திரும்பி வருது.

— அப்போ என் பால்ல கோளாறு இல்லையா டாக்டர்?

— துளியும் இல்லம்மா. பிள்ளை தேறினதும் அந்தப் பாலைத்தான் கொடுக்கப் போறோம்.

— கேட்டீங்களா மாமா?

— கேட்டேன், கேட்டேன். நான் என்ன செவிடா? பால் சரியில்லன்னு ஏதோ ஒரு வார்த்தை சொல்லிட்டேன், அதையே பிடிச்சுத் தொங்குற. டாக்டரம்மா, வெளியில பெஞ்சு நிறையப் பிள்ளைங்க. எல்லாம் ஒரே அச்சு. படம் மாறிப் போயிருந்தா? எவன் வீட்டுப் பிள்ளை குடலையோ பார்த்துட்டு எங்க பிள்ளையைக் கீறிடுவீங்க.

— மாமா, உங்க மகன் போன்ல 'அப்பா சரின்னா சரி'ன்னுட்டார். நீங்க இப்படி முறுக்கிக்கிட்டு நின்னா பிள்ளை என்னத்துக்கு ஆகும்?

— அவனுக்கென்ன, வெளியூர்ல உக்காந்துக்கிட்டு சொல்லிடுவான். எனக்கு மனசு ஒப்பலை.

— பெரியவரே, படம் எடுக்கும்போது உள்ள யார் இருந்தீங்க?

— நான்தான். இவளுக்குத் தலை சுத்துச்சு. மூட்டை கனத்துல ஒரு ஈயச் சட்டையை என் மேல மாட்டினீங்க. ஓரமா சும்மா நின்னேன்.

— கையை மெஷின் பக்கம் நீட்டாதீங்கன்னு சொன்னாங்களா?

— சொன்னாங்க.

— அப்போ இந்த ஓரத்தைப் பாருங்க. பிள்ளையோட விரல் எலும்பு, ஊசி ஊசியா மடங்கியிருக்கு. அதுக்குள்ள தடியா ஒரு பெரிய ஆள் விரல். நுனி எலும்பு கிடையாது, பாதியோட நிக்குது.

— மாமா! கைய ஏன் முதுகுக்குப் பின்னால ஒளிக்கிறீங்க? மரம் அறுக்கிற மெஷின்ல போன விரல்தானே அது!

— சரி சரி, ஊரைக் கூட்டாத. எங்க பிள்ளை படந்தான். டாக்டரம்மா, கீறினா பிழைச்சுக்குமா?

— குறுகின இடத்துக்கு மேலயும் கீழயும் குடலை இணைச்சு, பால் போகப் புது வழி பண்ணுவாங்க. இந்த மாதிரி பிள்ளைங்க பெரும்பாலும் நல்லா தேறிடுவாங்க.

— அப்புறம் இங்க நின்னு என்ன பேச்சு? ஆக வேண்டியதைப் பாருங்க.

— மாமா, இது தங்குற பிள்ளையான்னு தெரியாம தொட மாட்டேன்னு சொன்னீங்களே. பேத்தியைப் பிறந்ததுலேருந்து ஒரு தடவை கூடத் தூக்கலையே.

— நான் எங்கம்மா தொட்டேன்? அவதான் என்னைப் பிடிச்சா.