பக்கெட்டுக்குள் போட்ட மீட்டர்

சாயப்பட்டறை முதலாளிமார்களே, ஒரு சின்னக் கதை இருக்குது... சொல்லிட்டு இறங்கிடறேன்.

எங்க ஊர் சென்னியப்பன் பட்டறை நடத்துறான். நாற்பது பேருக்கு அங்கேதான் பிழைப்பு. பதினோரு வருசம் முன்னாடி, ஆடிப் பதினெட்டு, காத்தாலே ஏழு மணி... எங்க கிணத்திலே தண்ணி நீலமா வந்தது. எல்லாம் அவன் பட்டறைத் தண்ணி! நான் மறக்கலை. அவன் மக கல்யாணத்துக்குக்கூட நான் போகலை.

போன வருசம் அதிகாரிங்க வந்து, அவன் கழிவுத்தண்ணிக் குழாயிலே ஒரு மீட்டர் மாட்டினாங்க. தண்ணியிலே உப்பு எவ்வளவுன்னு அது நேரா சென்னைக் கம்ப்யூட்டருக்கே சொல்லிடுமாம். அளவு மீறினா முதல்லே முதலாளி போனுக்கு எச்சரிக்கை, அப்புறம்... கரண்ட் கட்!

சென்னியப்பன் நடுங்கிட்டான். சாய மாஸ்டர் மாரண்ணன் சொன்னார்: "எதுக்குங்க பயம்? மீட்டரைக் கழட்டி ஒரு பக்கெட் நல்ல தண்ணியிலே போட்டு வெப்போம். அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

போட்டாங்க. பத்து நிமிசம் ஆகலை... போன் கத்துது! உப்பு மீறிப்போச்சு!

மீட்டர் கம்பெனியிலிருந்து ஹேமலதான்னு ஒரு புள்ளை வந்தா. நானும் சண்டை போடலாம்னு அன்னைக்கு அங்கே போயிருந்தேன்.

"உங்க மீட்டர் பொய் சொல்லுதும்மா! நல்ல தண்ணியிலே வெச்சாலும் உப்புங்குது!" ன்னு சென்னியப்பன் எகிறுறான்.

பார்த்தீங்களா... தானே வாயை விட்டுட்டான்!

அந்தப் புள்ளை சிரிக்கலை. "எந்தத் தண்ணிங்கண்ணா?"

"நம்ம போர் தண்ணிதான்."

"ஒரு வாய் குடிச்சுப் பாருங்க."

வாயிலே வெச்சான்... துப்பினான். ஒரே உப்பு! வருசக்கணக்கா கேன் தண்ணி குடிக்கிறவனுக்குக் காலுக்குக் கீழே இருக்கிற தண்ணி எப்படித் தெரியும்?

அப்படியே படியிலே உட்கார்ந்துட்டான். "நாற்பது குடும்பம்மா... மூடிராதீங்க." அன்னைக்குத்தான் எனக்கும் அவன்மேலே கொஞ்சம் மனசு எளகுச்சு.

"மூட வரலீங்கண்ணா" ன்னுட்டு, அவ தொட்டிக்குத் தொட்டி மீட்டர் வெச்சா. ஒரே வாரம்... விசயம் போன்லே வெட்டவெளிச்சமாயிடுச்சு. சாயம் நல்லாப் பிடிக்கட்டும்னு மாரண்ணன் கைக்கணக்கிலே தொட்டிக்கு ஒரு மூட்டை உப்பு கூடுதலாவே கொட்டிட்டு இருந்திருக்கார்! அதை நிறுத்தினாங்க. அலசுன தண்ணியிலே எது தேறும்னு மீட்டர் சொல்ல, அது மறுபடி தொட்டிக்கே திரும்புது. வெளியே போற தண்ணி பாதியாச்சு. நாற்பது பேரும் வேலைக்குப் போறாங்க. எங்க கிணறு இன்னும் தெளியலை... அதையும் சொல்லிடறேன்.

இதை எதுக்குச் சொல்றேன்? மீட்டருக்குப் பயப்படாதீங்க. உங்க கண்ணுக்குத் தப்பினதை அது காட்டுது, தெரிஞ்சுட்டா திருத்திக்கலாம். ஏமாத்தலாம்னு மட்டும் நினைக்காதீங்க.

ஏமாத்தறதுக்கும் ஒரு பக்கெட் நல்ல தண்ணி வேணுமே சாமி... நம்ம ஊர்லே அது எங்கே இருக்குது?