நாய்க்குச் சம்மதித்த வீடு

தஞ்சாவூரில் நாயோடு வாடகைக்கு வீடு கிடைப்பது கஷ்டம் சார். நீங்கள் போலீஸ் குடியிருப்பில் இருப்பவர், அந்த அலைச்சல் தெரிந்திருக்காது.

பட்டு என் மாமனாருடைய நாய். குடவாசலில் அவர் வயலுக்குப் போனால் வரப்பில் பின்னாலேயே நடக்கும். என் கணவர் இறந்த மறுவருடம் மாமனாருக்குப் பக்கவாதம் வந்தது. வைத்தியத்துக்காக இருவரையும் இங்கே கூட்டிவந்தேன். பேச்சு திரும்பவில்லை. இடது கை மட்டும் அசையும், அதுவும் பட்டுவின் தலையைத் தடவுவதற்குத்தான். அதனால், மகன் குடும்பத்தோடு வருகிறான், காலி செய்யுங்கள் என்று வீட்டுக்கார மங்களாம்பிகை அம்மா சொன்னபோது, நாயை விட்டுவிட்டு வீடு தேடலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பதினோரு வீடு ஏறி இறங்கினேன். தரகர் இராஜாங்கம் சலித்துப்போனார். "நாயி இல்லேன்னு சொல்லித் தொலைங்களேம்மா. ஜாதகம் ஒண்ணுதான் இன்னும் கேக்கல அதுக்கு" என்றார். பொய் சொல்லி வீடு எடுப்பது எனக்குப் பிடிக்காது.

பன்னிரண்டாவது வீடு அம்சம் அம்மாவுடையது. படி கிடையாது, அகலமான வாசல். கட்டில் சிரமமில்லாமல் நுழையும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

"நாயி இருந்துட்டுப் போவட்டும், காவலாச்சு" என்றார் அந்த அம்மா. "படுத்த படுக்கையா மட்டும் யாரும் இருக்கப்படாது. முன்ன இருந்தவங்க வீட்டுப் பெரியவரு அவிட்ட நட்சத்திரத்துல போய்ச் சேந்துட்டாரு. அடைப்புன்னு ஆறு மாசம் வீட்டப் பூட்டி வச்சேன். நீங்க யாரு யாரு?"

"நானும் பட்டுவும்தாங்க."

எப்படி அப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. அது திங்கட்கிழமை.

மன்னார்குடியில் இருக்கும் நாத்தனாருக்குப் போன் செய்தேன். "எங்களுது மாடி வீடு அண்ணி, அப்பா எப்படி ஏறுவாரு?" என்றாள். நியாயம்தான்.

நீங்கள் கேட்ட நாட்காட்டி வட்டம் நான் போட்டதுதான். வியாழக்கிழமை சுவாதி. முதல் நாள் சித்திரை, மறுநாள் விசாகம், இரண்டுக்கும் அடைப்பு உண்டு. சுவாதிக்குக் கிடையாது. மங்களாம்பிகை அம்மா நல்லவர். மகன் வரும் நேரத்தில் அவர் வீட்டைப் பூட்டிவைக்கும்படி நான் செய்யக்கூடாது.

அன்று மத்தியானக் கஞ்சியில் மாமனாரின் மாத்திரைகள் எல்லாவற்றையும் கரைத்தேன். கடைசிக் கரண்டி வரை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே விழுங்கினார். கிண்ணத்தை நக்க பட்டு வந்தது. அதைத் தள்ளிவிட்டு, மூன்று முறை கழுவினேன். பிறகு இடது கை எதையோ தேடியது. பட்டுவைக் கட்டிலருகே கொண்டுவந்து நிறுத்தினேன். கை நின்றுபோன பின்பும் அது தலையை எடுக்கவில்லை.

புது வீட்டில் பட்டு எதையும் சாப்பிடவில்லை. கட்டில் போட நான் பார்த்துவைத்த மூலையில் போய்ப் படுத்துக்கொள்கிறது.

அம்சம் அம்மாவையும் விசாரிப்பீர்கள். அவர் என்னைத் தப்பாக நினைக்காமல் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும் சார். அவரிடம் நான் பொய் சொல்லவில்லை. குடி வந்தபோது நானும் பட்டுவும் மட்டும்தான்.