முன்கதவுக்குப் புதுப் பூட்டு

இல்லண்ணே, ரிப்பேர் எல்லாம் வேண்டாம். பூட்டையே கழட்டிட்டு வேற போடுங்க. நல்லா இருக்குற பூட்டுதான், எனக்கும் தெரியுது. என் தங்கச்சிகிட்ட இதுக்கு ஒரு சாவி இருக்கு. அந்தச் சாவி இனிமே இந்தக் கதவுல திரும்பக் கூடாது, அவ்வளவுதான். அந்த மேல் ஸ்க்ரூ துருப்பிடிச்சிருக்கும், கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திருகுங்க.

திருடியா? சேச்சே. திருடுறவளுக்காவது யாராவது பாக்குறாங்களான்னு ஒரு பயம் இருக்கும். இவளுக்கு அதுவும் கிடையாது. பட்டப்பகல்ல வருவா, கதவைத் தெறப்பா, பையை ஹால் நடுவுல வீசுவா, நேரா ஃப்ரிட்ஜுக்குப் போவா. கேட்டா, எங்கப்பா வீடுதானேன்னு சொல்லுவா.

கூடப் பிறந்தவ இல்லண்ணே. தத்தெடுத்து வளர்த்த பொண்ணு. எங்கப்பாவும் அம்மாவும் ஒரு அநாதை இல்லத்துக்குப் போய்க் கூட்டிட்டு வந்தது. என்னைவிட இளையவ, அதனால வீட்ல, சர்ச்சுல, கடையில எல்லாருக்கும் அவ சின்னவ. இப்ப தலை நரைச்சுப் போச்சு, இன்னும் சின்னவதான்.

அவ வந்த அன்னைக்கு ராத்திரி சாப்பாடு இன்னும் ஞாபகம் இருக்கு. புது இடம், புது மனுஷங்க, ஒரு பிள்ளைன்னா வாயைத் தெறக்குமா? இவ வெண்ணெய்க் கிண்ணத்தை வழிச்சு நக்கிட்டு, அப்பா, இன்னும் இருக்கான்னு கேக்குறா. அப்பாவாம்! வந்து ஒரு பொழுது ஆகல, அதுக்குள்ள அப்பா. பக்கத்துல உக்காந்திருந்த எனக்கு உடம்பே கூசிப் போச்சு. அப்பா என்னடான்னா, கண்ணு கலங்கிப் போய் எழுந்து, தானே போய் எடுத்துட்டு வர்றாரு.

பின்பக்கம் வாசனை வருதுல்ல, அது எங்க பேக்கரிதான். அப்பா ஆரம்பிச்சது. இப்ப நான் பாத்துக்குறேன். அவ ஒருநாள் மாவு பிசையுற மெஷின்ல அப்பாவோட கைக்கடிகாரத்தைப் போட்டுட்டா. வேணும்னு இல்ல, கையில கட்டி அழகு பாத்துருக்கா, கழண்டு விழுந்துருச்சு. மாவு மொத்தமும் போச்சு. கஸ்டமரெல்லாம் வாசல்ல நிக்குறாங்க. நானா இருந்தா அந்த மெஷினுக்குள்ளயே நானும் விழுந்து செத்திருப்பேன். இவ சிரிக்கிறாண்ணே. அப்பாவும் கூடச் சேந்து சிரிக்கிறாரு, மூச்சு வாங்க வாங்க. அந்த மெஷினை யாரு பிரிச்சுக் கழுவினதுன்னு நினைக்கிறீங்க?

படிப்பும் ஏறல. டெலிவரி வண்டியை ஓட்டக் கத்துக்குறேன்னு போய்ப் பக்கத்து வீட்டு மதில்ல முட்டினா. அப்புறம் கல்யாண வீடுகள்ல கிட்டார் வாசிக்கிற ஒருத்தனோட கிளம்பிப் போனா. போனவ போனவதான். அம்மா படுக்கையில விழுந்தப்ப ஆள் மேல ஆள் அனுப்பினோம். வரல. அடக்கம் முடிஞ்சு பூவெல்லாம் வாடுனதுக்கப்புறம் வந்து நிக்குறா, இதே வாசல்ல, ஒத்தைப் பெட்டியோட. கிட்டார்க்காரனும் இல்ல, ஒண்ணும் இல்ல.

நான் உள்ள நின்னு பாக்குறேன். இன்னைக்காவது ஒரு வார்த்தை கேப்பாரு, ஏம்மா வரலைன்னாவது கேப்பாருன்னு. அப்பா கதவைத் தெறந்தாரு. பெட்டியைக் கையில வாங்கினாரு. சாப்டியான்னாரு. அவ்வளவுதான் விசாரணை! அவ அவரு தோள்ல சாஞ்சு ஓன்னு அழுதா. அழுது முடிச்சதும் பசிக்குதுன்னா. பாத்துக்கோங்க, பசிக்குதாம். யாரு சமைச்சது? சரி, விடுங்க.

இருங்க, ஸ்க்ரூவைத் தரையில வைக்காதீங்க, உருண்டுடும். இந்தக் கிண்ணத்துல போடுங்க.

இப்ப அப்பாவுக்குப் பக்கவாதம். வலது பக்கம் வராது, பேச்சும் சரியா வராது. குளிப்பாட்டுறது, சாப்பாடு ஊட்டுறது, புரட்டிப் படுக்க வைக்கிறது எல்லாம் நான்தான். நடுவுல அடுப்பையும் பாக்கணும், கடையையும் பாக்கணும். நான் ரூமுக்குள்ள போனாலே இடது கையால கட்டிலைத் தட்டுவாரு. உக்காருன்னு அர்த்தம். உக்காரவா? இவருக்கென்ன, படுத்துட்டாரு. அடுப்புல பன் கருகுனா இவரா வந்து எடுப்பாரு? விரிப்பை மாத்திட்டு நான் பாட்டுக்கு வந்துடுவேன்.

சின்னவ வருவா. வந்து அந்தக் கட்டில்லயே ஏறிப் படுத்துக்குவா, குழந்தை மாதிரி. ஊர்க்கதை எல்லாம் சொல்லுவா. அவருக்கு வச்சிருக்குற ஆரஞ்சைப் பாதி அவளே தின்னுடுவா. அவரு அந்தக் கோணிப்போன வாயால சிரிப்பாரு. மருந்து என்ன, எத்தனை வேளை, ஒண்ணு தெரியுமா அவளுக்கு? தெரியாது. இஷ்டத்துக்கு வருவா, இஷ்டத்துக்குப் போவா.

அதான் போன வாரம் அவகிட்ட நேராவே சொன்னேன், நீ இனிமே வராதேன்னு. உடனே அவ பாஸ்டர்கிட்ட போய் அழுதிருக்கா. அவரு நேத்து வந்துட்டாரு, சமாதானம் பண்றதுக்கு. இதே நாற்காலியில உக்காந்து எங்க பிஸ்கட்டைத் தின்னுக்கிட்டே கிருபையைப் பத்திப் பேசுறாரு. கிருபைன்னா சம்பாதிக்கிறது இல்லையாம், சும்மா கிடைக்கிறதாம். புத்திர சுவிகாரம்னு ஒரு பெரிய வார்த்தை வேற, பிள்ளையா தத்தெடுக்குறதாம். ஆண்டவர் நம்மள வேலைக்கு எடுக்கலம்மா, பிள்ளைகளா எடுத்திருக்காரு, கூலிக்காரி மாதிரி பேசாதே, நீயும் பிள்ளைதானேன்னாரு.

எனக்கு வந்துச்சே கோபம். ஏன் பாஸ்டர், உங்க சட்டையில ஒரு சுருக்கம் இல்லையே, அது கிருபையாலயா போச்சு, இல்ல உங்க வீட்டம்மா தேய்ச்சாங்களான்னு கேட்டேன். திருவிருந்துக்கு அப்பம் எங்க கடையிலேர்ந்துதானே வருது? அந்த மாவு கிருபையில தானா பொங்கி வருதா? சும்மா கிடைச்சதாம், சும்மா. யாரோ ஒருத்தி முதுகொடியச் செய்யுறதாலதான் இன்னொருத்திக்கு எல்லாம் சும்மா கிடைக்குது. இதை எந்தப் பிரசங்கத்துலயும் சொல்ல மாட்டாங்க. மனுஷன் பிஸ்கட்டை வச்சுட்டு ஜெபம் பண்ணிட்டுப் போயிட்டாரு.

என்ன சொன்னீங்க? பெத்த பொண்ணுக்கு இந்த ஆதங்கம் இருக்கத்தான் செய்யும்னா?

யாரு பெத்த பொண்ணு? நானா?

அட, அதைச் சொல்லலியா நான். நானும் அந்த இல்லத்துலேர்ந்து வந்தவதாண்ணே. ரெண்டு பேரும் ஒரே நாள்ல, ஒரே வண்டியில வந்தோம். அங்க நானும் அவளும் ஒரே பாய்ல படுப்போம், அவ்வளவுதான் உறவு. அவ கொழுகொழுன்னு, சுருட்டை முடியோட, யாரைப் பாத்தாலும் சிரிப்பா. நான் கொஞ்சம் பெரியவ, தலையெல்லாம் புண்ணு. அவளைத்தான் பிடிச்சுப்போய் எடுத்திருக்காங்க, அவளைத் தூக்கி வளர்க்க, கூடமாட வேலை செய்ய, என்னையும் கூட்டிட்டு வந்திருக்காங்கன்னு நான் நினைச்சுக்கிட்டேன். யாரும் சொல்லல. நானே நினைச்சுக்கிட்டதுதான். மறுநாள் யாரும் எழுந்திரிக்கும் முன்னாடியே எழுந்து முற்றத்தைப் பெருக்கினேன். அம்மா ஓடி வந்து விளக்குமாத்தைப் பிடுங்கினாங்க. பெருக்கினது சரியில்ல போலன்னு, அடுத்த நாள் இன்னும் நல்லாப் பெருக்கினேன்.

அன்னைக்கு ஆரம்பிச்சது.

போன வாரம் நான் அவளை வராதேன்னு சொன்னேன்ல, அப்பதான் வாய் விட்டுட்டேன். உனக்காகத்தானேடி இந்த வீட்ல என்னையும் சேத்துக்கிட்டாங்க, உன்னோட ஒட்டிக்கிட்டு வந்த குத்தத்துக்கு நான் ஆயுசுக்கும் உழைச்சாச்சு, இனிமே முடியாதுன்னு. அவ என்னை ஒரு மாதிரி பாத்தா. அக்கா, உனக்குத் தெரியாதா, அவங்க வந்ததே உனக்காகத்தானேங்கிறா. மூலையில நின்ன அந்தப் பெரிய பொண்ணுதான் வேணும்னு அம்மா பிடிவாதமா கேட்டாங்களாம். கிளம்புறப்ப இவ என் பாவாடையைப் பிடிச்சுக்கிட்டு விடாம அழுதிருக்கா, அதனால அப்பா இவளையும் தூக்கி வண்டியில வச்சுட்டாராம். அம்மாவே அவகிட்ட சொல்லியிருக்காங்க. எவ்வளவு சாதாரணமா சொல்றாங்கிறீங்க! ஒட்டிக்கிட்டு வந்தது நான்தான்க்கா, அதுக்கென்ன, வந்துட்டோம்லங்கிறா. ஒரு கூச்சம் இல்ல, ஒரு நாச்சம் இல்ல.

பொய்யின்னு நினைச்சு அப்பாகிட்ட ஓடினேன். அப்படியான்னு கேட்டேன். தலையை ஆட்டினாரு. எனக்குத் தெரியாதுன்னு அவரு கனவுல கூட நினைக்கல, அது அவரு முகத்துலயே தெரிஞ்சுச்சு. அப்புறம் அவரு அழ ஆரம்பிச்சுட்டாரு. நான் முகத்தைத் துடைச்சு விட்டுட்டு அடுப்பைப் பாக்கப் போயிட்டேன். வேற என்ன பண்ணச் சொல்றீங்க? வேலை செய்யலைன்னா இந்த வீட்ல எப்படி இருக்குறதுன்னு எனக்குத் தெரியாதே. அன்னைக்கே பூட்டை மாத்தணும்னு தோணிடுச்சு.

முடிஞ்சுதா? எத்தனை சாவி, மூணா? ஒண்ணைத் தனியா இந்த உறையில போட்டுக் குடுங்க. அவளுக்குத்தான், வேற யாருக்கு. அவ சாவி திரும்பக் கூடாதுன்னு சொன்னதும் நான்தான், இல்லைங்கல. சாயங்காலம் எப்படியும் வந்து நிப்பா, அந்தக் கழுதை. கதவு தெறக்கலைன்னா ஜன்னல் ஏறிக் குதிக்கும், மனுஷன் படுக்கையில பயந்து போவாரு.

இன்னொண்ணு இப்படிக் குடுங்க. எந்தப் பக்கம் திருப்பணும், வலது பக்கமா? இருங்க, நீங்க தெறக்காதீங்க, நானே பாக்குறேன். இத்தனை வருஷமும் பின்னாடி பேக்கரி வழியாவே வந்து போயிட்டேன்ணே. இந்தக் கதவைச் சாவி போட்டுத் தெறந்ததே இல்ல.