எந்த மாதையன் என்று கேட்டவருக்கு

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய எங்கள் மேரியக்கா! துணை மின்நிலையத்தின் தூணே, திருமதி ஆ. மதலைமேரி அம்மையீர்! மின்னலுக்கு மிரளாதவரே! மேலே ஏறியவன் மண்ணில் மிதிக்கும்வரை மனத்தால் தாங்கி நின்றவரே! இருபத்து நான்கு ஆண்டுகள் எங்கள் உயிர்களை ஒரு தொலைபேசியின் மறுமுனையில் காத்தவரே! உங்கள் பணிநிறைவு நாளில் எழுந்து நின்று வணங்குகிறோம்.

பாராட்டு மடல் என்றால் பொறுமை, கடமை, கனிவு என்று அடுக்குவது வழக்கம். நாங்களும் ஒரு பக்கம் அடுக்கி, பொறியாளர் யுவராணி அவர்களிடம் காட்டினோம். "இதுல எந்த வரிங்க மேரியக்காவுக்கு மட்டும் பொருந்துது?" என்று கேட்டுவிட்டார். முகத்தில் அசடு வழியத் திரும்பி வந்தோம். அப்போது போர்மேன் மாதையன் சொன்னார்: "என் கதைய எழுதுங்க. அவங்க கதை அதுக்குள்ளதான் இருக்குது." அவர் சொல்லச் சொல்ல எழுதியது இது.

லைன் கிளியர் என்பது எங்கள் தொழிலில் ஒரு வாக்கு. 'மின்சாரத்தை நிறுத்திவிட்டேன், ஏறலாம்' என்று நிலையத்தில் இருப்பவர் கொடுப்பார். 'இறங்கிவிட்டேன்' என்று ஏறியவர் அதைத் திருப்பித் தந்தால்தான் மறுபடி மின்சாரம். பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு நிலையத்தில், ஒரு சந்தை நாளன்று, ஒரே தடத்தில் இரண்டு குழுக்கள் வேலை செய்தன. இரண்டுக்கும் பொறுப்பாளர் பெயர் மாதையன். நம் பக்கத்துப் பேருந்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். முதலில் வேலை முடித்த நம் மாதையன் டீக்கடைத் தொலைபேசியில், "மாதையன் பேசறனுங்க, எறங்கிட்டோமுங்க" என்றார். எந்த மாதையன் என்று மறுமுனையில் கேட்கவில்லை. இரண்டு பதிவும் ஒரே ஆளுடையது என்று எண்ணி மின்சாரம் விட்டார்கள். மற்ற மாதையனின் குழுவில், கம்பத்தின் மேல் இருந்தவர் உங்கள் கணவர் ஆரோக்கியராஜ்.

விசாரணையில் நம் மாதையன் மேல் குற்றமில்லை என்றார்கள். ஆனால் அன்றிலிருந்து தொலைபேசியில் தன் பெயரைச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, கருணை அடிப்படையில் கிடைத்த வேலையில், பயிற்சி முடித்து, அவர் மாற்றலாகி வந்திருந்த இந்த நிலையத்துக்கே ஆபரேட்டராக நீங்கள் வந்து உட்கார்ந்தீர்கள். அவருக்குத் தலையில் இடி விழுந்தது. மூன்று வாரம் தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லி, குழுவிலிருந்த சென்னப்பனையே பேசவைத்தார். வேலையை மாற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடலாமா என்றுகூட எண்ணி, விண்ணப்பம் எழுதி மடித்து வைத்திருந்தார்.

ஒரு நாள் பிற்பகல், வத்தல்மலைப் பக்கமிருந்து காற்றும் மழையும் ஒன்றாக அடித்தன. பள்ளிக்கூடச் சுவரோரம் கம்பி அறுந்து தொங்கியது. சென்னப்பன் விடுப்பு. வேறு வழியில்லை, மாதையனே பேசினார்.

"யாருங்க பேசறது?"

"மாதையனுங்க."

அதன்பின் மழைச் சத்தம் மட்டும் கேட்டதாம். பிறகு உங்கள் குரல் வந்தது.

"எந்த மாதையனுங்க? அப்பா பேரு, ஊரு சொல்லுங்க."

"நஞ்சப்பன் மவன் மாதையனுங்க, அதியமான்கோட்டை. அக்கா, அன்னிக்கிப் பேசுனது நாந்தானுங்க."

"தெரியுமுங்க. லைன் நிறுத்தியாச்சு, எழுதிக்கிட்டன். தைரியமா ஏறுங்க. நீங்க எறங்கிப் பேசற வரைக்கும் ஒங்களுக்காக வேண்டிக்கிட்டு நிக்கறன்."

அவர் ஏறினார். கம்பி கட்டினார். இறங்கியதும் மழையில் நின்று அழுதார். அந்த விண்ணப்பத்தை அன்றே கிழித்துப் போட்டார்.

அவ்வாண்டு கிறிஸ்துமஸுக்கு அவர் குடும்பத்தை உங்கள் வீட்டுக்கு அழைத்துச் சோறு போட்டீர்கள். அப்போது நீங்கள் சொன்னதை அவர் எங்களிடம் அப்படியே சொன்னார். "ரெண்டு வருசமா கோயிலுக்குப் போவன், வாய் தெறக்காது. எல்லாரும் செபமாலை சொல்லுவாங்க, நான் மணிய மட்டும் தள்ளிக்கிட்டிருப்பன். அன்னிக்கி ஒங்க பேரக் கேட்டதும் போன வச்சிடலாம்னுதான் இருந்துச்சு. என்னையறியாம, 'ஆண்டவரே, இவர பத்திரமா எறக்குங்க'ன்னு வந்துச்சு. எனக்குத் திரும்பிக் கெடச்ச மொதல் செபம் அதுதானுங்க." எந்தப் பெயர் உங்கள் வாழ்வை இருட்டாக்கியதோ, அந்தப் பெயருக்காகவே வேண்டி எழுந்து நின்றீர்களே அம்மா! இதை எந்தச் சொல்லால் பாராட்டுவது?

அன்று முதல் அப்பா பெயர் சொல்லாமல் இங்கே யாருக்கும் லைன் கிளியர் கிடையாது. "இருவது வருசமா எங்கப்பன் பேரு மாறலீங்க அக்கா!" என்று சென்னப்பன் சலித்துக்கொண்டதும் உண்டு, "மாறாட்டியும் சொல்லுங்க" என்று நீங்கள் விடாததும் உண்டு.

எங்கள் பிழை ஒன்றையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். எந்நேரமும் நின்றுகொண்டே இருக்கிறீர்களே, முதுகுவலியோ என்று எண்ணி ஒரு சுழல் நாற்காலி வாங்கித் தந்தோம். அதிலும் நீங்கள் சரியாக உட்காரவில்லை. கொடுத்ததை மதிக்கவில்லை என்று நாங்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டோம். யுவராணி அவர்கள் நேரிலேயே கேட்டபோதுதான் சொன்னீர்கள்: "மேல ஒருத்தர் நிக்கறப்ப நான் எப்படிங்க ஒக்காரறது?"

இந்த இருபத்து நான்கு ஆண்டுகளில் உங்களிடம் பெயர் சொல்லி ஏறிய ஒவ்வொருவரும் இறங்கி வீட்டுக்குப் போனோம். காத்தது உங்கள் செபமா, உங்கள் பிடிவாதமா என்று டீக்கடையில் பட்டிமன்றமே நடத்தியிருக்கிறோம். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் எங்களில் பலர் செபத்தின் பக்கம் பேசினார்கள். உங்களையே கேட்டோம். "ரெண்டும் ஒண்ணுதானுங்க" என்று சிரித்துவிட்டுப் போனீர்கள்.

நீங்கள் நம்பும் ஆண்டவர் உங்களுக்கு நோயில்லாத நெடு வாழ்வும், பேரக் குழந்தைகளின் சிரிப்பும், அச்சமின்றித் தொலைபேசியை எடுக்கும் நாட்களும் தரட்டும்! உங்களுக்காக வேண்டிக்கொள்ள இனி எங்கள் முறை.

மேடையில் போட்டிருப்பது அதே நாற்காலிதான். விழாவுக்கு வரும் முன் பதிவேட்டைப் பார்த்தோம்; இன்று கொடுத்த லைன் கிளியர் அத்தனையும் திரும்பிவிட்டது. நீங்களோ இன்னும் நின்றுகொண்டே கேட்கிறீர்கள். ஆகவே கடைசி வரியை வாசிக்கப் போர்மேனை அழைக்கிறோம்.

"நஞ்சப்பன் மவன் மாதையன் பேசறனுங்க, அதியமான்கோட்டை. எல்லாரும் எறங்கிட்டோமுங்க. ஒக்காருங்க அக்கா."

உங்கள் குரலை நம்பி ஏறி இறங்கிய
துணை மின்நிலையப் பணியாளர்கள்,
தருமபுரி மாவட்டம்.