மாடி வீட்டுக் கதவுப் பூட்டை மாற்றியது பற்றி

அடையாள அட்டையில் உள்ள என் பெயரைக் காவல் நிலைய எழுத்தர் மேலே குறித்துக்கொண்டார். கூப்பிடும் பெயர் சாவிக்காரர். வயது எழுபத்திரண்டு. தொழில் பூட்டுப் பழுது பார்ப்பதும் சாவி வெட்டுவதும். கடை, பேருந்து நிலையத்தின் பின்வாசலில் செருப்புக் கடைக்கும் கடிகாரக் கடைக்கும் நடுவில் உள்ள நான்கடி இடம். குடியிருப்பு, அச்சகத்துக்குப் பின்னால் உள்ள ஆண்கள் தங்கும் கட்டடத்தில் ஒன்பதாம் எண் அறை.

நான் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதிக்கொள்வதாகச் சொன்னார். நானே எழுதுகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். நூலகத்து மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்று ஒன்றரை வருடம் ஆகிறது. நேரமாகுமே என்றார். "எழுபது வருஷம் ஆயிடுச்சு ஐயா, இன்னும் ரெண்டு மணி நேரம்தானே" என்றேன். சிரித்துவிட்டு நாற்காலியும் நல்ல பேனாவும் கொடுத்தார். பேனா வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதும்படி ஆய்வாளர் அம்மா சொல்லியிருப்பதால் அப்படியே எழுதுகிறேன். ஆனால் ஒன்றை மட்டும் முதலிலேயே எழுதிவிடுகிறேன். காவலில் இருக்கும் குழாய்க்காரர் அந்த மாடி வீட்டுக்குள் போகவில்லை. அவரிடம் உள்ள சாவியால் அந்தக் கதவைத் திறக்க முடியாது.

என் மகள் வெளியூரில் இருக்கிறாள். அவள் மகளுக்கு இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டில் இடம் கிடைத்தது. விடுதியில் இடம் இல்லை என்று பலகையில் ஒட்டிவிட்டார்கள். என் கட்டடத்தில் பன்னிரண்டு பேரும் ஆண்கள், குளியலறை பொது, அதனால் என்னுடன் வைத்துக்கொள்ள முடியாது. மகள் தொலைபேசியில், "அப்பா, நீங்க அங்க இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் அனுப்புறேன்" என்றாள். அதன் பிறகு பேத்தியும் நானும் நான்கு நாட்கள் வீடு பார்த்தோம். ஒரு வீட்டில் ஜன்னல் இல்லை, ஒரு வீட்டில் கழிப்பறைக்குக் கதவு இல்லை. ஐந்தாம் நாள் பலகை முன்னால் இவளைப் போலவே நின்றுகொண்டிருந்த இரண்டு பெண்களைச் சந்தித்தோம். ஒருத்தி கண்ணாடி போட்டவள், மற்றவள் நெட்டையானவள். மூன்று பேரும் பங்கு போட்டு ஒரு வீடு எடுப்பது என்று முடிவானது.

அதன் பிறகு தரகர் மருத்துவமனைக்குப் பின் தெருவில் ஒரு மாடி வீட்டைக் காட்டினார். இரண்டு அறை, சமையலறை, குளியலறை, வெளிப்பக்கமாக ஏறும் படிக்கட்டு. கீழே வீட்டுக்கார அம்மா இருக்கிறார். அவருடைய தம்பிதான் குழாய்க்காரர். வாடகை ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு நீட்டியபோது, படித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி, விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். வாழ்க்கையில் முதன்முதலாக எனக்கென்று வந்த காகிதம் அது. முக்கால் மணி நேரம் ஆனது. வீட்டுக்கார அம்மா, "பெரியவரே, இது வாடகைப் பத்திரம், பரீட்சைப் பேப்பர் இல்ல" என்றார். பேத்தி, "விடுங்கம்மா, தாத்தா இப்ப பஸ் டிக்கெட்டையே பின்பக்கம் திருப்பிப் படிக்கிறாரு" என்றாள். ஏழாவது வரியில், குடியிருப்போர் விரும்பினால் தங்கள் செலவில் கதவுப் பூட்டை மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தது. படிக்காமல் இருந்திருந்தால் அந்த வரி எனக்குத் தெரிந்திருக்காது. சாட்சி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அன்று மதியமே கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு படியேறினேன்.

அந்தக் கதவில் இருந்தது இந்த ஊரில் பாதி வீடுகளில் இருக்கும் அதே கம்பெனிப் பூட்டு. அதன் பித்தளை உருளைக்குள் ஐந்து சின்ன ஊசிகள் வெவ்வேறு நீளத்தில் நிற்கும். ஊசிகளைக் கொட்டி வேறு வரிசையில் வைத்தால் பழைய சாவி செத்துவிடும், புதிய சாவி வெட்ட வேண்டும். பூட்டு முழுவதையும் மாற்றுவதை விட இது மலிவு என்பதால் எல்லாரும் இதைத்தான் கேட்பார்கள். மற்ற சாவிக்காரர்கள் எந்த வீட்டுக்கு எந்த வரிசை என்று நோட்டில் எழுதி வைப்பார்கள். எனக்கு அப்போது எழுத்து தெரியாது. அதனால் முப்பது வருடமாக என் அறைப் பூட்டு உட்பட எல்லாப் பூட்டுக்கும் ஒரே ஒரு வரிசையைத்தான் போட்டுவந்தேன். யார் சாவியைத் தொலைத்துவிட்டு வந்தாலும் பூட்டைக் கழற்றாமலே கை தானாக வெட்டிவிடும். வாடிக்கையாளர்கள், "சாவிக்காரருக்கு என்ன ஞாபகம்!" என்பார்கள். நான் மறுத்ததில்லை. வீட்டுக்காரர்கள் ஒருவருக்கொருவர் சாவியை மாற்றிப் போட்டுப் பார்க்கவா போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பேத்தி வீட்டுப் பூட்டைப் பிரித்த அன்று எனக்கு எழுதத் தெரியும். நோட்டும் பெட்டியில் இருந்தது. ஆனால் கை பழைய வரிசையையே வைத்தது. நான் தடுக்கவில்லை. இவள் சாவியைத் தொலைத்தால் கண்ணை மூடிக்கொண்டே வெட்டித் தரலாம் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. மூன்று சாவி வெட்டி மூன்று பேர் கையிலும் கொடுத்து, "இனி இதை எவனாலயும் திறக்க முடியாது" என்று சொன்னேன். இது என் வாயால் சொன்னது.

அதன் பிறகு மூன்று வாரம் ஒன்றும் இல்லை. நான்காம் வாரம் செவ்வாய்க்கிழமை, வகுப்பு முடிந்து வந்தபோது பால் பாதி குறைந்திருந்தது என்று கண்ணாடிக்காரி நெட்டையானவளைக் கேட்க, அவள் இல்லை என்று சொல்ல, சண்டையாகி இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. பேத்தி கடைக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன். வெள்ளிக்கிழமை மறுபடி வந்தாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. மதியம் வந்து பார்த்தால் ஒரு கோப்பை கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்ததாம், இன்னும் ஈரம் காயவில்லையாம். "தாத்தா, எங்க மூணு பேர்ல யாருமே கோப்பையைக் கழுவி வைக்கிற ஆளு இல்ல" என்றாள். தவிர அவள் கட்டிலில் யாரோ படுத்து எழுந்த பள்ளம் இருந்ததாம், போர்வை மடிக்கப்பட்டிருந்ததாம். "பூட்டு பூட்டினபடி இருந்துச்சா?" என்று கேட்டேன். "இருந்துச்சு. அதான் பயமா இருக்கு" என்றாள். நான், "நீங்கதான் எதையோ மறந்திருப்பீங்க கண்ணு" என்று சொல்லி அனுப்பினேன். அவள் போன பிறகு கையில் இருந்த அரத்தை இரண்டு முறை கீழே போட்டேன். மறுநாள் போய்க் கதவுக்கு உட்புறம் ஒரு சங்கிலி மாட்டிக் கொடுத்தேன். ஊசிகளை மாற்றவில்லை. மாற்றினால் ஏன் என்று கேட்பாள் என்று பயந்தேன்.

அதன் பிறகு புதன்கிழமை, நெட்டையானவள் காய்ச்சலால் வகுப்புக்குப் போகாமல் சங்கிலியைப் போட்டுவிட்டுப் படுத்திருந்தாள். பகல் பதினொரு மணி இருக்கும். படியில் செருப்புச் சத்தம் கேட்டு, தோழிகள் என்று நினைத்தாளாம். சாவி நுழைந்து, தடங்கலே இல்லாமல் திரும்பி, கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. அதன் பிறகு ஒரு கை உள்ளே வந்து, சங்கிலி எங்கே மாட்டியிருக்கிறது என்று மெதுவாகத் தடவித் தேடியது. இவள் கத்தினாள். கை வெளியே போனது. கதவு சாத்தப்பட்டது. அதன் பிறகு வெளியிலிருந்து சாவி போட்டு, இரண்டு சுற்றும் நிதானமாகப் பூட்டிவிட்டு இறங்கிப் போனார்களாம். அந்தப் பெண் இதைச் சொல்லும்போது, பூட்டிவிட்டுப் போனதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

வியாழக்கிழமை காவலர்கள் வந்து விசாரித்தார்கள். என்னிடம் எத்தனை சாவி வெட்டினீர்கள் என்று கேட்டார்கள். மூன்று என்றேன். அது உண்மை. அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. பழைய சாவியை வைத்திருந்தவர், தண்ணீர்த் தொட்டி வேலையாக அடிக்கடி மாடிக்கு ஏறுகிறவர் என்பதால் குழாய்க்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் சாவியை நீட்டி, "இது உள்ள போகும் சார், ஆனா திரும்பாது. போட்டுப் பாருங்க" என்றார். காவலர் ஒருவர், "திரும்புறதை எங்கடா ஒளிச்சு வெச்சிருக்க?" என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்து, "பெரியவரே, நீங்க தொழில்காரர், சொல்லுங்களேன்" என்றார். நான் பெட்டியின் பூட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அவரை அழைத்துப் போகும்போது அக்காக்காரி வாசலில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு இரண்டு நாள் நான் கடை திறக்கவில்லை. சனிக்கிழமை மதியம், பெண்கள் மூன்று பேரும் வகுப்பில் இருப்பார்கள் என்று எண்ணி அந்தப் படியில் ஏறினேன். எனக்கே தெரிந்த விஷயம்தான், ஆனாலும் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. என் ஒன்பதாம் எண் அறைச் சாவியை எடுத்து அந்தப் பூட்டில் நுழைத்தேன். தடங்கல் இல்லாமல் திரும்பியது. கதவைத் தள்ளினேன்.

பேத்தி உள்ளே இருந்தாள். புத்தகம் எடுக்க அப்போதுதான் வந்தவள், சங்கிலியை இன்னும் போட்டிருக்கவில்லை. சுவரோடு முதுகை ஒட்டி, இரண்டு கையாலும் இஸ்திரிப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நின்றாள். அதன் வயர் அவள் தோளில் தொங்கியது. கண் என் மேல்தான் இருந்தது, ஆனால் நான் யார் என்று அவளுக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பெட்டியைக் கீழே இறக்கவே இல்லை. "தாத்தா, மூணு சாவியும் எங்ககிட்ட இருக்கு. உங்ககிட்ட எப்படி வந்துச்சு?" என்று கேட்டாள். நான் சாவியைப் பூட்டிலிருந்து உருவிக்கொண்டிருந்தேன். அவள், "அப்ப நீங்களா?" என்றாள்.

அதன் பிறகு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் அறைச் சாவி அவள் கதவைத் திறப்பது போல, நான் ஊசி மாற்றிய ஒவ்வொரு வீட்டுச் சாவியும் திறக்கும் என்று சொன்னேன். அவள் நம்பினாளா என்று தெரியாது. இஸ்திரிப் பெட்டியை மேசை மேல் வைத்துவிட்டு, "அப்ப வந்த ஆளு யாரு?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். யாரோ ஒருவர் வீடு மாறிப் படியேறித் தன் சாவியைப் போட்டிருக்கலாம், அது திறந்திருக்கலாம், அன்றைக்குத் திரும்பிப் போயிருக்கலாம், அதன் பிறகு வேண்டுமென்றே வந்திருக்கலாம். "இப்பவே போய்ச் சொல்லுங்க" என்றாள். ஒரு நாள் வேண்டும் என்றேன். அன்று முதல் மூன்று பேரும் கீழே வீட்டுக்கார அம்மாவின் முன்னறையில் படுக்கிறார்கள். தன் தம்பி காவலுக்குப் போகக் காரணமான பிள்ளைகள் என்று அவர் ஒதுக்கவில்லை.

நேற்று ஞாயிறு முழுவதும் இரண்டு வேலை செய்தேன். அந்த மாடிப் பூட்டுக்குப் புது வரிசை வைத்து, அதை நோட்டில் எழுதினேன். இரண்டாவதாக, இதுவரை யார் யாருக்கு ஊசி மாற்றினேன் என்று நினைவுக்கு வந்தவரை எழுதினேன். அறுபத்தாறு கதவுகள் வந்தன. வராதவை இன்னும் இருக்கும். அதில் பதினொரு வீடுகளில் இப்போது மாணவிகளும் மாணவர்களும் பங்கு போட்டு வாடகைக்கு இருக்கிறார்கள்; அந்த வீடுகளுக்கெல்லாம் என்னை அனுப்பி வைத்தவர் தரகர்தான். வந்த ஆளும் இந்த அறுபத்தாறில் ஒரு வீட்டுக்காரராக இருக்கலாம். அந்தப் பட்டியலை இத்துடன் இணைத்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தாலும் படிக்க முடியும் என்று எழுத்தர் சொன்னார்.

ஆய்வாளர் அம்மாவிடம் கேட்டுக்கொள்வது மூன்று. குழாய்க்காரரை இன்றே விட வேண்டும்; அந்த மாடிப் பூட்டில் முன்பிருந்த வரிசையை மறுபடி வைத்துக் காட்டுகிறேன், அவர் சாவியை ஒருமுறை போட்டுப் பார்த்தாலே போதும். இரண்டாவது, ஊரில் ஒலிபெருக்கி வைத்தோ செய்தித்தாளிலோ இதை அறிவிக்க வேண்டாம். அறிவித்தால், தன் பையில் இருப்பது எத்தனை கதவின் சாவி என்று இன்றைக்கு ஒருவருக்கு மட்டும் தெரிந்தது, நாளைக்கு எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஒரு காவலரை என்னுடன் அனுப்பினால் வீடு வீடாகப் போய் ஊசி மாற்றித் தருகிறேன். ஒரு நாளைக்கு ஆறு பூட்டு முடியும். அதன் பிறகு எனக்கு என்ன தண்டனையோ கொடுக்கட்டும்.

மூன்றாவது, இந்தக் காகிதத்தையும் பட்டியலையும் இந்தக் காவல் நிலையத்தின் பின்னறையில் உள்ள பச்சை அலமாரியில் வைக்க வேண்டாம். ஆறு வருடத்துக்கு முன்னால் அதன் சாவி தொலைந்தபோது, தலைமைக் காவலர் அந்தப் பூட்டைக் கழற்றி என் கடைக்குத்தான் கொண்டுவந்தார். பட்டியலில் அது நாற்பத்தோராவது.

மேலே எழுதியிருப்பது முழுவதும் நான் அறிந்து, யாரும் வற்புறுத்தாமல், என் கையாலேயே எழுதிய உண்மை. யாரும் எனக்குப் படித்துக் காட்டவில்லை. நானே இருமுறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
சாவிக்காரர்