குப்புராஜ் காருக்குள் என்ன கேஸ்?

பக்ருதீன்: ...முடியாதுங்கண்ணே. காலையிலேர்ந்து அதையேதான் சொல்லிட்டிருக்கேன்.

குப்புராஜ்: என்ன பாய் முடியாது? பைப்பக் கழட்டு. உள்ள இருக்கற கேஸ புஸ்ஸுனு வெளிய வுடு. புதுசா ஏத்து. கடத்தூர் சந்தையில பலூன்காரன் பண்றான், ஏசி மெக்கானிக்கு உன்னால ஆவாதா?

பக்ருதீன்: காத்துல வுடக்கூடாதுங்க. மிஷின் வெச்சு உறிஞ்சி, சிலிண்டர்ல அடைக்கணும். உங்க காருக்கு ஆர்-12 கேஸு. அதத் தயாரிக்கவே தடை போட்டு எத்தினி வருஷமாச்சு...

குப்புராஜ்: அந்தக் கேஸுல என்ன குளிருங்கற! தீர்த்தமலைக்கு உச்சி வெயில்ல போறோம், கண்ணாடியெல்லாம் பனி. உள்ள பூந்த ஈ போர்வை கேட்டுச்சு.

சின்னம்மாள்: ஆமா. நான்தான் போத்திவுட்டேன்.

பக்ருதீன்: அக்கா மட்டும் ஏன் டவுன் பஸ்ல வந்தாங்க? கார்லயே கூட்டியாந்திருக்கலாமே.

குப்புராஜ்: அவளுக்கு முட்டிவலி. ரெண்டு வாரமா கார்ல ஏற கால் மடங்கலையாம். பொண்டாட்டி பஸ்ல, நான் கார்ல... கலெக்டர் மாதிரி வந்தேன்.

சின்னம்மாள்: ம்.

பக்ருதீன்: ஆர்-134 கேஸுக்கு மாத்தித் தரேன். ஆயிலு, ரப்பர் வளையம், டிரையர் எல்லாம் மாத்தணும். எந்த கேஸுன்னு ஸ்டிக்கர் ஒட்டணும். நாளைக்கு சாயங்காலம் ஆவும்.

குப்புராஜ்: சாயங்காலமா! காலையில ஏரியூர் போவணும் பாய். எம்பொண்ணு காவியாவுக்குத் தலப்பிரசவம், எட்டாம் மாசம். இந்த வெயில்ல பஸ்லயா கூட்டியார முடியும்? ஏசி கார்ல வரேன்னு சம்பந்திகிட்ட வேற சொல்லிட்டேன். ஏரியூரே வாசல்ல நிக்கும்!

பக்ருதீன்: சரி. அப்ப இதுக்கு மட்டும் நேரா பதில் சொல்லுங்க. இப்ப உள்ள இருக்கறது என்ன கேஸு?

குப்புராஜ்: கம்பெனியில போட்டது.

பக்ருதீன்: முப்பது வருஷமா அப்படியே இருக்கா?

குப்புராஜ்: வண்டி அப்படி! ராஜா வூட்டு வண்டி...

பக்ருதீன்: அண்ணே, தெரியாத கேஸ மிஷின்ல உறிஞ்சினா, ஏற்கெனவே புடிச்சு வெச்சதும் கெட்டுப்போவும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.

குப்புராஜ்: எத்தினி தடவ கேப்ப... இரு, ஒரு பீடி...

பக்ருதீன்: பத்த வெக்காதீங்க!

குப்புராஜ்: ஏம்பாய் அலறுற?

பக்ருதீன்: அக்கா, நீங்க அந்த வேப்பமரத்துகிட்ட போயிருங்க.

சின்னம்மாள்: நான் இங்கதான் பாய் நிக்கிறேன். நீங்க கேளுங்க.

பக்ருதீன்: பானட்டத் தூக்குனதுமே மூக்குல ஏறுச்சுண்ணே. ஆர்-12க்கு இந்த நாத்தம் கெடையாது.

குப்புராஜ்: எலி செத்திருக்கும்.

பக்ருதீன்: செத்த எலிக்கு அடுப்பு கேஸ் வாசமா வரும்?

குப்புராஜ்: அப்ப பெருச்சாளி...

பக்ருதீன்: அண்ணே.

குப்புராஜ்: பக்கத்து வூட்டு சின்னராஜ்தான் சொன்னான்... வூட்டு சிலிண்டர்லேர்ந்து ஒரு டியூப் போட்டு... ஆனா சில்லுனு இருந்துச்சு பாய்! பென்குயின் வந்து...

பக்ருதீன்: போதும்ணே. ஒரு பைப்புல ஓட்ட வுழுந்து, காருக்குள்ளாற கேஸ் நெறஞ்சுதுன்னா... ஒரு சுவிட்சு பொறி போதும். பின் சீட்ல யாரு? எட்டு மாசப் புள்ளத்தாச்சி.

குப்புராஜ்: ...அவளுக்கு வேர்க்கக்கூடாதுன்னுதான் பாய்.

பக்ருதீன்: தெரியுது. சாவியக் குடுங்க. இந்த கேஸத் தனியா எறக்கணும். நாளைக்கு வண்டி போவாது.

குப்புராஜ்: புள்ள... காவியாகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?

சின்னம்மாள்: ஒண்ணும் சொல்ல வேணாம். நேத்தே எங்கண்ணன் போயி அவளப் பஸ்லயே கூட்டியாந்துட்டாரு. அவரு வூட்ல தூங்குறா.

குப்புராஜ்: நேத்தேவா? எங்கிட்ட ஒரு வார்த்த...

சின்னம்மாள்: கேட்டா பென்குயின் கதை சொல்லுவீங்க. சமையக்கட்டுப் பக்கமே வராத மனுசன், சட்டையெல்லாம் அடுப்பு கேஸ் வாசத்தோட வந்து நின்னன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. நீங்க பொய் சொல்லி பாய மிஷின் மாட்ட வெச்சிருவீங்களோன்னுதான் பின்னாலயே ஓடியாந்தேன்... எம்முட்டிக்கு ஒண்ணுமில்லீங்க பாய்.