டெல்பர்ட்டுக்கு நான் சொன்ன புல்வெட்டி

புல் இடுப்புக்கு மேல் வளர்ந்துவிட்டால் வீட்டு முற்றத்துக்கான வெட்டியை நம்பக் கூடாது, ஷெரிஃப் தம்பி. டிராக்டரில் பூட்டுகிற பெரிய வெட்டிதான் வேண்டும். அதில் எதை வாங்குவது என்று டெல்பர்ட் என்னிடம் கேட்டான். நானும் சொன்னேன்.

டெல்பர்ட் செயின்ட் லூயிஸில் நிலம் அளந்து ஓய்வு பெற்றவன். என் வீட்டை ஒட்டிய நாற்பது ஏக்கரை வாங்கினான். முப்பது வருடம் குத்தகைக்கு எடுத்து நான் மாடு மேய்த்த இடம். பிறகு எட்டு வருடம் யாரும் தொடவில்லை. உள்ளே போன மான் பேரன் எடுத்த பிறகுதான் வெளியே வரும், அப்படிப் புல்.

தினமும் காலையில் தீவனக் கடையில் ஏழு பேர் காப்பிக்குக் கூடுவோம். கதை சொல்வது நான். படகைவிட நீளமான கெளுத்தி மீனைப் பிடித்தவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான். டெல்பர்ட் சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுப்பான். "படகு பதினாலு அடி, ஆர்லிஸ். மீனைக் கொஞ்சம் சுருக்கேன்" என்பான். அதுவரை என் கதைக்குச் சிரித்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். இரண்டு வருடம் அப்படிப் போயிற்று. நான் கோபித்துக்கொள்ளவில்லை.

அவன் இரண்டு வெட்டிகளை யோசித்து வைத்திருந்தான். ஒன்று பக்கவாட்டில் கையை நீட்டி வெட்டும். டிராக்டர் வெட்டிய தரையில் ஓடும், பக்கத்துப் புல் விழும். தரையில் இருப்பது கண்ணுக்குத் தெரியும். மற்றது பின்னால் பூட்டுவது. டிராக்டர் முதலில் புல்லுக்குள் நுழைய வேண்டும், கத்தி பிறகுதான் வரும். கட்டை விரல் தடிமன் செடிக்குப் பக்கவாட்டு வெட்டி பல் உடைந்து நிற்கும், பின்னால் பூட்டுவதே உறுதி என்றேன். பொய்யில்லை. எந்தக் கடைக்காரனும் அதையேதான் சொல்வான்.

கிணற்றைப் பற்றியும் சொன்னேன். காப்பிக்கு வந்த எல்லோர் முன்னாலும் சொன்னேன். "அந்த நிலத்துல பழைய கிணறு ஒண்ணு இருக்கு, டெல்பர்ட். நானூறு அடி. மூணு மாடு விழுந்துச்சு, இன்னும் தரையைத் தொடல."

"மாடுங்களுக்குக் கடிதாசி போட்டியா?" என்றான். கடையே குலுங்கியது.

அது முப்பது அடிக் கிணறு. மேலே மூடிய ஓக் பலகையை நானே போட்டேன். இந்நேரம் ரொட்டி மாதிரி நைந்திருக்கும்.

எங்கள் பக்கத்தில் புதர் மண்டிய நிலத்தை வெட்டுமுன், அதில் முன்பு மாடு மேய்த்தவன்தான் நடந்துபோய்க் கல்லுக்கும் அடிக்கட்டைக்கும் சிவப்புத் துணி கட்டித் தர வேண்டும். பத்தொன்பது துணி கட்டினேன். ஒரு கல்லைக்கூட விடவில்லை.

"கிணத்துக்குக் கட்டலையா?" என்று கண்ணடித்தான் டெல்பர்ட்.

"அவ்வளவு பெரிய கிணத்துக்குத் துணி பத்தாது" என்றேன். முதுகில் தட்டிவிட்டுப் போனான்.

செவ்வாய்க்கிழமை மதியம், சோள ரொட்டியும் பீன்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். டிராக்டர் சத்தம் ஒருமுறை உயர்ந்து நின்றது. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனேன். டிராக்டர் மூக்கு கிணற்று வாயில் செருகி நின்றது. தூக்கி எறியப்பட்ட டெல்பர்ட் கிணற்றின் அடியில் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தான். மார்பளவு தண்ணீர், கால் முறிந்திருந்தது. ஆனால் பேச்சு தெளிவாக இருந்தது.

"ஆர்லிஸ், கயிறு கொண்டா."

நான் எட்டிப் பார்த்தேன். "எத்தனை அடி இருக்கும், டெல்பர்ட்?"

"முப்பது. கயிறுடா, ஆர்லிஸ்."

நானூறை நான் எதிர்பார்க்கவில்லை, தம்பி. ஒரு மரியாதைக்கு நாற்பது என்றிருந்தால்கூட ஓடிப்போய்க் கயிறு கொண்டுவந்திருப்பேன். கொட்டகையில் நல்ல கயிறு இருந்தது. பொழுது சாய்வதற்குள் இன்னும் மூன்று முறை போய்க் கேட்டேன். முதல் இரண்டு முறையும் முப்பது என்றான். மூன்றாவது முறை பதிலே சொல்லவில்லை.

பிடிவாதம் ஒரு மனிதனை என்ன பாடு படுத்துகிறது பாருங்கள்.